மண் உருண்டையில் முகம் பார்க்கலாம்: டோரோடாங்கோ செய்ய முழுமையான வழிகாட்டி

என் மேசையில் கிரிக்கெட் பந்து அளவில் ஓர் உருண்டை இருக்கிறது. கரும்பழுப்பு நிறம். ஜன்னல் பக்கம் திருப்பினால் கம்பிகள் அதில் வளைந்து தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்து எடை பார்த்துவிட்டு, "கிரானைட்டா?" என்பார்கள். வார்னிஷ் அடித்ததில்லை, பெயின்ட் பூசியதில்லை, சூளையில் சுட்டதும் இல்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் அள்ளிய செம்மண், குழாய்த் தண்ணீர், அப்புறம் என் இரண்டு கை. அவ்வளவுதான் என்றால் யாரும் நம்புவதில்லை.

ஜப்பானில் இதற்கு ஹிகாரு டோரோடாங்கோ என்று பெயர். டோரோ என்றால் சேறு. டாங்கோ என்பது அவர்கள் அரிசிமாவில் பிடித்து வேகவைக்கும் உருண்டை. நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஹிகாரு என்றால் மின்னும். மின்னும் சேற்றுக் கொழுக்கட்டை! பாலர் பள்ளிப் பிள்ளைகள் மணல்மேட்டில் உட்கார்ந்து செய்யும் விளையாட்டு இது. மழைவிட்ட பிறகு வாசலில் உட்கார்ந்து நாமும் சேற்றில் உருண்டை பிடித்தவர்கள்தான். நாம் பிடித்து எறிந்தோம். அவர்கள் எறியாமல் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

கியோட்டோ கல்விப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஃபுமியோ காயோ குழந்தைகளின் மன வளர்ச்சியை ஆராய்பவர். 1999இல் கியோட்டோவின் ஒரு பாலர் பள்ளியில் இப்படி ஓர் உருண்டையைப் பார்த்தார். அது எப்படி மின்னுகிறது என்று பிடித்துக்கொண்டவர், எலக்ட்ரான் நுண்ணோக்கி வரைக்கும் போய்விட்டார். கடைசியில் சின்னப் பிள்ளைகளே பின்பற்றக்கூடிய ஒரு முறையை வகுத்தார். உருண்டையின் பளபளப்பை ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிட ஓர் அளவுகோலும் வைத்தார். அதன்பிறகுதான் இது ஜப்பான் முழுக்கப் பேச்சானது. ஐச்சி மாகாணத்தில் டோகோனாமே என்றொரு ஊர், பல நூற்றாண்டுகளாக மண்பாண்டத்துக்குப் பேர்போனது. அங்கே உள்ள இனாக்ஸ் அருங்காட்சியகத்தில் வருகிறவர்கள் உட்கார்ந்து உருண்டை தேய்க்கவே தனிப் பட்டறை நடத்துகிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் புரூஸ் கார்ட்னர் என்ற கலைஞர், போகிற இடத்து மண்ணையெல்லாம் எடுத்துவந்து ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டை செய்கிறார். ஒவ்வொரு மண்ணும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு முகம்.

நான் இதற்கு வந்தது கலை ஆர்வத்தில் அல்ல. ராத்திரி பதினொரு மணிக்கும் போனைக் கீழே வைக்க முடியாத கை எனக்கு. கையில் சேறு இருந்தால் போனைத் தொட முடியாது. அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

எதனால் மின்னுகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் இறங்கினால் ஐந்தாறு உருண்டைகள் வீணாகும். எனக்கு ஒன்பது வீணாகின.

மண்ணில் மணல் இருக்கிறது, வண்டல் இருக்கிறது, களி இருக்கிறது. களித் துகள் ஒவ்வொன்றும் 2 மைக்ரானுக்கும் கீழே. அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐநூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. மணல் குறுணை மாதிரி இருக்கும். களி அப்படி இல்லை, மெல்லிய தகடு. தாறுமாறாகக் கிடக்கும் வரை ஒளி அதில் பட்டுச் சிதறும், மண் மங்கலாகத் தெரியும். லேசான ஈரம் இருக்கும்போது மேலாகத் தேய்த்தால் அந்தத் தகடுகள் ஓடு வேய்ந்ததுபோலப் படுத்துக்கொள்ளும். மேற்பரப்பு சமமாகிவிட்டால் ஒளி ஒரே பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம்.

செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, பூச்சின் மேல் பூச்சாக ஏற்றி, கடைசியில் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்த வழவழப்பு அது. குயவர் பானையைச் சுடுமுன் கல்லால் தேய்ப்பதும் இதே வேலைதான்.

ஆனால் ஒன்று. மின்ன வைப்பது தேய்ப்பு என்று நினைத்துத்தான் எல்லாரும் கெடுக்கிறார்கள். தேய்க்க யாருக்கும் தெரியும். எந்த ஈரத்தில் தேய்ப்பது என்பதில்தான் விஷயம். ஈரம் கூடியிருக்கும்போது தேய்த்தால் உருண்டையின் தோல் உரியும். காய்ந்தபிறகு தேய்த்தால் தூசு பறக்கும், கண்ணாடி மினுக்கம் வராது. நடுவில் ஓர் இடைவெளி வருகிறது. அதுவும் வந்துவிட்டுப் போய்விடுகிறது. கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த இடைவெளியை நீட்டிப்பதற்கான வேலை.

மண்

எந்த மண்ணும் ஆகும் என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் முதல் உருண்டைக்குச் செம்மண்ணாக இருந்தால் நல்லது. மணலும் களியும் கலந்தே இருக்கும், நிறமும் வரும். கரிசலில் தொடங்காதீர்கள். கோடையில் கரிசல் காட்டில் கால் புகும் அளவுக்கு வெடிப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் அது. உங்கள் உருண்டைக்கும் அதே கதிதான். அதையும் ஒரு நாள் செய்யலாம், கால்பங்கு மெல்லிய மணல் கலந்து, கை பழகிய பிறகு. வெறும் ஆற்று மணல் ஆகவே ஆகாது; பிடித்தால் நிற்காது. புற்றுமண் அருமையான மண், நைஸாக இருக்கும். ஆனால் புற்றில் யார் குடியிருக்கிறார், யார் மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார் என்று பார்த்துக் கை வையுங்கள். நான் வைப்பதில்லை.

மண்ணைச் சோதிக்க ஒரு பிடி எடுத்து நனைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடாவாகப் பிதுக்குங்கள். பிதுங்காமல் உதிர்ந்தால் மணல் அதிகம். மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீண்டு தானாக அறுந்தால் சரியான மண். ஐந்தைத் தாண்டியும் அறுந்து விழாமல் தொங்கினால் களி மிஞ்சியது, மணல் சேர்க்கவேண்டும்.

இன்னும் கண்ணால் பார்க்கவேண்டும் என்றால், தண்ணீர் பாட்டிலில் கால்பங்கு மண் போட்டு, நீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் உட்காரும். அதன் மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கலாகவே நின்று, பிறகு மெதுவாக மேலே ஒரு பட்டையாக இறங்கும். பட்டைகளின் பருமனை வைத்து உங்கள் மண்ணின் சேர்மானம் தெரிந்துவிடும். உருண்டை செய்யாவிட்டாலும் இதைப் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம்.

நாய், பூனை ஒதுங்கும் இடத்து மண் வேண்டாம். சாக்கடையோரம் வேண்டாம். அள்ளிய மண்ணை முறத்திலோ பழைய தாளிலோ பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் ஆறும்வரை பொறுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். சலிக்கும்போது வாசலிலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மண் தூசு நுரையீரலுக்கு ஆகாது. முடிந்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரைக்கும் கழுவவேண்டும்.

சாமான்

வாங்க வேண்டியது எதுவுமில்லை. கொசுவலைக் கம்பித் துண்டு ஒன்று, மாவு சலிக்கும் நைஸ் சல்லடை ஒன்று (சமையலறைக்குத் திரும்பப் போகாத சல்லடையாக இருக்கட்டும்), ஒரு வாளி, காற்றுப் போகாமல் கட்டக்கூடிய பிளாஸ்டிக் பை, மடித்த துண்டு, துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டித் துணி. உருண்டையைவிடச் சற்றே சிறிய வாய் உள்ள கண்ணாடி பாட்டில் ஒன்று வேண்டும். ஊறுகாய் பாட்டில் சரியாக இருக்கும். விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். சின்னச் சிதறல் இருந்தாலும் அது உருண்டையில் கோடாக விழும்.

மண்ணைக் கொசுவலைக் கம்பியில் சலித்தால் கல், வேர், சருகு போகும். இது உருண்டையின் உடம்புக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து மறுபடி நைஸ் சல்லடையில் சலித்துத் தனியாக ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். இது தோலுக்கு. உள்ளே கரடாக இருப்பது நல்லது, மணல் இருந்தால் உள்ளே சுருக்கம் குறையும். வெளியே நைஸாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் ஒரே மண்ணைப் பயன்படுத்தியதுதான் என் முதல் மூன்று தோல்விகளுக்குக் காரணம்.

முதல் படி: பிசைவது

கரட்டு மண்ணில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சேருங்கள். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக, கையில் ஒட்டும் பதத்தில் நிறுத்தவேண்டும். பத்து நிமிடம் பிசையுங்கள். கட்டி இருந்தால் விரலால் நசுக்குங்கள். பிசைந்ததை மூடி ஒரு மணி நேரம் ஊறவைத்தால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள், நானும் போயிருக்கிறேன். உள்ளே உலர்ந்த ஒரு கட்டி இருந்தால் அது பின்னால் வெடிப்பாகத்தான் வெளியே வரும்.

இரண்டாவது: பிடிப்பது

சாத்துக்குடி அளவு எடுங்கள். ஆறிலிருந்து ஏழு சென்டிமீட்டர் குறுக்களவு முதல் முயற்சிக்குப் போதும். பெரிதானால் உள்ளே காய நாளாகும், வெளியே சீக்கிரம் காயும், அந்த வித்தியாசத்தில் தோல் பிளக்கும்.

இரண்டு கையாலும் இறுக்கி அழுத்துங்கள். தண்ணீர் விரலிடுக்கில் கசியும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு லேசாகத் தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் காற்றும் மிச்சத் தண்ணீரும் மேலே வரும், உருண்டையும் பளபளவென்று நனைந்து நிற்கும். அந்த நனைந்த பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது போய்விடும். இந்த நிலையில் உருண்டை தளதளவென்றிருக்கும். வைத்தால் அடிப்பக்கம் சப்பையாகிவிடும், அதனால் கையிலேயே இருக்கவேண்டும். இங்கேதான் போன் அடிக்கும். எடுக்க முடியாது.

மூன்றாவது: முதல் தோல்

ஒரு கையில் உருண்டை. இன்னொரு கையால் உலர்ந்த கரட்டு மண்ணை ஒரு பிடி எடுத்து மேலே தூவுங்கள். கட்டைவிரலின் அடிச்சதை இருக்கிறதே, உள்ளங்கையில் புடைத்த பகுதி, அதை வைத்து மேலிருந்து கீழாக, உருண்டையின் வளைவோடு தடவி இறக்குங்கள். அழுத்தவேண்டாம். மிச்ச மண் தானே உதிரும். உருண்டையைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் தூவி, தடவி, திருப்புங்கள்.

உள்ளே உள்ள ஈரம் வெளியே வந்து, தூவிய மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் மேலே இன்னும் தூவவேண்டும். இருபது நிமிடத்திலிருந்து அரைமணி நேரம் ஆகும். இந்த நேரத்தில்தான் உருண்டை உண்மையில் உருண்டையாகிறது. எங்காவது மேடு தெரிந்தால் அந்த இடத்தில் மண் தூவாமல் தடவுங்கள். பள்ளம் இருந்தால் அங்கே மட்டும் கூடத் தூவுங்கள். மேடு பள்ளத்தைக் கண்ணை மூடிக்கொண்டால்தான் நன்றாகக் கண்டுபிடிக்க முடிகிறது.

இந்த வேலையின் நிம்மதி எனக்கு இந்தப் படியில்தான். முதல் பத்து நிமிடம் மனசு அலுவலகத்தில்தான் இருக்கும். யார் என்ன மெயில் போட்டார், நாளைக்கு என்ன கெடு என்று ஓடும். அப்புறம் எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றிருக்கும். தியானம் என்றெல்லாம் பெரிய பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. பூத் தொடுக்கிறவர்களுக்கும் முருங்கைக்கீரை ஆய்கிறவர்களுக்கும் தெரிந்ததுதான் இது. கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. அதே சமயம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கவனம் கேட்கிறது. முழுக் கவனம் கேட்டால் அலுத்துப்போகும், கவனமே கேட்காவிட்டால் மனசு ஓடிவிடும். இது இரண்டுக்கும் நடுவில் பிடித்து வைக்கிறது.

அம்மா முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, நாப்பது வயசுல மண்ணு விளையாட்டா?" என்றாள். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்தப் பக்கம் சப்பையா இருக்கு பாரு" என்றாள்.

நான்காவது: வியர்க்க வைப்பது

தூவிய மண் இனி ஒட்டவில்லை, மேலே ஈரம் தெரியவில்லை என்றானதும் உருண்டையைப் பையில் போட்டு வாயைக் கட்டி, மடித்த துண்டின் மேல் வையுங்கள். அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். பையின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். அதெல்லாம் உருண்டையின் வயிற்றிலிருந்து வந்த தண்ணீர்.

திறந்த காற்றில் வைத்தால் வெளித்தோல் மட்டும் காய்ந்து இறுகும், உள்ளே ஈரமாகவே இருக்கும். இறுகிய தோல் சுருங்கும்போது உள்ளே உள்ளது விட்டுக்கொடுக்காது, வெடிக்கும். பைக்குள் வைத்தால் தோல் காயாது. உள்ளிருக்கும் ஈரம் மெதுவாக மேலே வந்து, தோலும் உள்ளும் ஒரே ஈரத்துக்கு வந்துவிடும். வெளியே எடுத்துப் பாருங்கள்: காய்ந்துவிட்டது என்று நினைத்த உருண்டை மறுபடி கருத்து ஈரமாக இருக்கும். பைக்குள் நிற்கும் துளி உருண்டையில் விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அடியில் துளி சேர்ந்து அந்த ஒரு இடம் ஊறிப்போவது வழக்கம்; பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பி வையுங்கள், பையின் உள்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள்.

எடுத்தபிறகு மறுபடி மூன்றாவது படி. தூவு, தடவு, திருப்பு. மறுபடி பை. இந்தச் சுற்றை மூன்று தடவையாவது செய்யவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பையில் வைக்கும் நேரத்தைக் கூட்டுங்கள்: அரைமணி, ஒரு மணி, இரண்டு மணி. இரவு ஆகிவிட்டால் பையோடு வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம், காலையில் தொடரலாம். நிறுத்திவைக்க முடிகிற வேலை என்பதால்தான் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது ஒத்துவருகிறது.

சுற்று முடிய முடியப் பை வியர்ப்பது குறையும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் பையில் லேசான மூட்டம் மட்டும் படர்கிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

காலம் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் உருண்டை நிதானமாகக் காயும். நேரம் எடுத்தாலும் வெடிப்பு குறைவு. சித்திரை, வைகாசியில் கையில் இருக்கும்போதே வெடிக்கும். எந்த மாதமானாலும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள்.

ஐந்தாவது: மாவுத் தோல்

இப்போதுதான் நைஸாகச் சலித்து வைத்த மண்ணை எடுக்கவேண்டும். இதைத் தூவக்கூடாது. உள்ளங்கையை அந்த மாவில் லேசாக ஒத்தி எடுங்கள். பிறகு கையைத் தட்டி உதறுங்கள். உதறியதும் ரேகைகளில் பவுடர் பூசியதுபோல் ஒரு படலம் மட்டும் ஒட்டியிருக்கும். மண்ணிலேயே மிக நைஸான பகுதி அதுதான். எந்தச் சல்லடையும் பிரிக்க முடியாததை உள்ளங்கை பிரித்துக் கொடுக்கிறது. அந்தக் கையால் உருண்டையைத் தடவுங்கள். ஒத்தி, உதறி, தடவுவது. ஐம்பது தடவையோ நூறு தடவையோ, எண்ணவேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் உருண்டையின் மேல் பட்டுப்போல் ஒரு தோல் படியும். முதலில் இருந்த குறுகுறுப்பு போய்விடும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சொல்வதற்கே சிரிப்பாக இருக்கிறது, ஆனால் ஈரத்தைக் காட்டுவதில் இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. ஈரம் ஆவியாகும்போது குளிர்ச்சி தரும். மண்பானை போலச் சில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் மிச்சமிருக்கிறது, திரும்பப் பைக்குப் போகட்டும். லேசான குளுமை மட்டும் இருந்தால், நகத்தால் தொட்டால் தழும்பு விழாமல் இருந்தால், நேரம் வந்துவிட்டது. அறைச் சூடே இருந்தால் தாண்டிவிட்டது. மினுக்கம் வரும், கண்ணாடி ஆகாது.

ஆறாவது: மெருகு

இரண்டு வழி உண்டு. துணி, கண்ணாடி. நான் இரண்டையும் செய்கிறேன், முதலில் கண்ணாடி.

பாட்டிலை மேசையில் வாய் மேலாக நிறுத்தி, உருண்டையை அதன் வாயில் உட்காரவைத்து, விரல்நுனிகளால் எல்லாப் பக்கமும் உருளும்படி மெதுவாகச் சுழற்றுங்கள். எடையை உருண்டையே கொடுக்கும், நீங்கள் அழுத்தவேண்டாம். வட்டமான வாய் என்பதால் எங்கெல்லாம் கோணல் இருக்கிறதோ அங்கெல்லாம் தேய்த்து, உருண்டையை இன்னும் உருண்டையாக்கும். விளிம்பு பட்ட இடத்தில் ஒரு கோடு பளிச்சென்று ஈயம் பூசியதுபோல் மின்னும். எனக்கு முதல் தடவை அந்தக் கோடு தெரிந்தபோது பாட்டிலில் எண்ணெய் ஏதோ இருக்கிறது என்று நினைத்துப் பாட்டிலைக் கழுவினேன். எண்ணெய் இல்லை. மண்தான்.

கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து உருண்டை முழுக்க நிறையும் வரை செய்யுங்கள். கிறீச் என்று சத்தம் வந்தால் மணல் துகள் மாட்டியிருக்கிறது; உடனே நிறுத்தி விளிம்பைத் துடைக்கவேண்டும். தோல் சுருண்டு வந்தால் ஈரம் கூடுதல். நிறுத்தி, அந்த இடத்தில் மாவை ஒத்தி, ஒரு மணி நேரம் பையில்.

பிறகு துணி. நைந்த வேட்டித் துணியைச் சுருக்கமில்லாமல் விரலில் சுற்றிக்கொண்டு சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கவேண்டும். ஆரம்பத்தில் காற்று தொடுவதுபோல. மினுக்கம் ஏற ஏறக் கொஞ்சம் அழுத்தலாம். உருண்டை காயக் காய நிறம் வெளிரும், ஆனால் மேலே மெருகு ஏறும். இரண்டு மணி நேரமும் தேய்க்கலாம், இரண்டு நாள் சாயங்காலமும் தேய்க்கலாம். நான் டீ ஆறும் நேரத்தில் தேய்ப்பேன்.

எண்ணெய், மெழுகு, ஷூ பாலிஷ் தடவலாமா என்று கேட்கிறார்கள். தடவினால் உடனே மின்னும். ஆனால் மின்னுவது எண்ணெய்தான். நான் தடவுவதில்லை, உங்கள் உருண்டை, உங்கள் இஷ்டம்.

காயவிடுவது

மெருகு முடிந்ததும் வெயிலில் வைத்துவிடாதீர்கள். துணியில் தளர்வாகச் சுற்றி, மூடாத அட்டைப் பெட்டியில், நிழலில் ஒரு வாரம். நாளுக்கு ஒரு தடவை திருப்பி வையுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் இந்த வாரத்தில்தான் போகும். கடைசி வெடிப்பு வந்தால் இப்போதுதான் வரும், அதுவும் இரவில், டக் என்று ஒரு சத்தத்தோடு. என்னுடைய ஆறாவது உருண்டை அப்படித்தான் போனது.

மயிரிழை வெடிப்பு ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள், பார்க்க அழகாகக்கூட இருக்கும். நகம் நுழையும் வெடிப்பு என்றால் நிரப்பிப் பயனில்லை. காய்ந்த மண்ணில் ஈர மண் பிடிக்காது, நிரப்பியது காயும்போது தனியாகச் சுருங்கி விழுந்துவிடும். வாளித் தண்ணீரில் போடுங்கள். மேலே குமிழி விட்டு, ஓரம் ஓரமாகக் கரைந்து, கால்மணி நேரத்தில் மறுபடி சேறாகிக் கிடக்கும். சுடாத மண் என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரும். தோற்ற மண் இரண்டாம் தடவை இன்னும் நன்றாகவே பிசைய வருகிறது. நன்றாக ஊறியிருப்பதால்தான் என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளோடு செய்வதானால் மெருகை எதிர்பார்க்காதீர்கள். எலுமிச்சை அளவு போதும், சின்னது சீக்கிரம் காயும், வெடிப்பதும் குறைவு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது, மூன்றாவது படியிலேயே சாயங்காலம் முடிந்துவிடும். உருண்டை கீழே விழுந்தால் அவர்கள் நம்மைப்போல் அரைமணி நேரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காருவதில்லை.

முடிந்த உருண்டையை வைக்க ஒரு வளையம் வேண்டும். மோதிரம் போல் சுற்றிய சணல் கயிறு போதும். குளியலறைப் பக்கமோ, மழைச்சாரல் அடிக்கும் ஜன்னலிலோ வைக்காதீர்கள். தூசு தட்ட உலர்ந்த துணி மட்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என்னுடைய முதல் நல்ல உருண்டையை அலமாரியில் வைத்திருந்தேன். பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது அம்மா அதையும் ஓர் ஈரத் துணியால் பாசத்தோடு துடைத்துவிட்டாள். துணி பட்ட இடம் முழுக்கச் சாணம் மெழுகிய தரைபோல மங்கிவிட்டது. ஒன்றரை நாள் துணியால் தேய்த்துப் பார்த்தேன், மீளவில்லை. "கழுவினா போயிடும்னு எனக்கு எப்படிடா தெரியும், கல்லுன்னு நினைச்சேன்" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு அந்த உருண்டைக்குக் கிடைத்ததில்லை. வாளியில் போட்டுக் கரைத்தேன். மேசையில் இப்போது இருப்பது அந்த மண்ணில் செய்ததுதான். முதல் தோல் முழுக்க அம்மா தடவியது.